மதிவாணன் பேசாத இடங்கள்

ஜூலை 18, வியாழன்

'தெற்குத் தெரு மருமகள்' தொடரை இன்று முதல் மறுபடியும் போடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்கு. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ராத்திரி எட்டு மணிக்கு ஓடியபோது எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. இப்போது வேலை வெட்டி இல்லாத நேரத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். போகட்டும். கல்லூரித் தேர்வுப் பிரிவில் என் மேஜையிலேயே டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். டைட்டில் பாட்டு ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜை ஸ்டெல்லா, "என்னக்கா, மிளகாயக் கடிச்சிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதே மேஜையில் உட்கார்ந்துதான் அந்தக் காலத்தில் நான் 'தாழம்பூ' என்ற பெயரில் கதை எழுதினேன். சொந்தக் கதை இல்லை. தொடரில் வரும் ஆட்களை எடுத்துக்கொண்டு, டைரக்டர் செய்யாமல் விட்டதையெல்லாம் நாங்கள் செய்துகொண்ட ரசிகர் கதை. பெரிய டப்பா மாதிரி ஒரு கம்ப்யூட்டர். மார்க் ஷீட் வேலை முடிந்து, மற்றவர்கள் கேன்டீனுக்குப் போனதும் தட்ட ஆரம்பிப்பேன். எங்கள் இணையதளத்தில் ராத்திரி அத்தியாயம் போட்டால் காலையில் திருச்சி, சேலம், சிங்கப்பூர் என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்து 'சிஸ், அடுத்தது எப்ப?' என்று உயிரை வாங்குவார்கள். அந்த நச்சரிப்புக்கு ஈடாக அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எதுவும் வரவில்லை. சம்பள உயர்வு உட்பட.

தொடரின் கதை என்னவோ சாதாரணம்தான். யாமினி கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே புருஷனை லாரியில் அடித்துக் கொன்றுவிடுவார்கள். மாமியார் கொடுமை. செத்தவனின் நண்பன் கிருபாகர் அவளுக்கு வாழ்வு தருவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பான். வாயைத் திறந்தால் தேனாறு பாலாறு. அந்த வீட்டு மில்லில் மேனேஜர் மதிவாணன். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் வருவார், ஃபைலை நீட்டுவார், போய்விடுவார்.

ஐம்பத்தெட்டாம் எபிசோடில் மாமியார் யாமினியை மழையில் வெளியே தள்ளிவிடுவாள். கிருபாகர் வாசலில் நின்று ஒரு எபிசோடு முழுக்க வசனம் பேசுவான். மதிவாணன் ஒரு வார்த்தை பேசாமல் காரை எடுத்து வந்து பின் கதவைத் திறந்து நிற்பார். அவள் ஏறுவாள். வண்டி போகும்போது முன்னால் இருக்கிற கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிடுவார். அவள் அழுவதைத் தான் பார்க்கக்கூடாது என்று!

அன்று ராத்திரி தளமே பற்றிக்கொண்டது. யாமினியும் மதியும் சேர்ந்து 'யாமதி' ஆனார்கள். தொடரில் கடைசிவரை ஆகவில்லை. கிருபாகருக்கே கட்டி வைத்தார்கள், பாவிகள். எங்கள் கதைகளில் மட்டும் மதிவாணன் இருநூறு தடவையாவது தாலி கட்டியிருப்பார்.

ஜூலை 20, சனி

மகள் சிந்துவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் என் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது, ஆவணிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஹரிபிரசாத், திண்டுக்கல் குடும்பம், சென்னையில் வேலை. சிந்து கடையிலிருந்தே மூன்று புடவைகளைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"எது நல்லாருக்கு?"

"எதுன்னாலும் சரி."

"அரக்கா, மாம்பழமா?"

"ம்."

"ம்னா எது?"

"நீங்களே பாத்துக்கங்க."

அவ்வளவுதான் பேச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அச்சு அசல் மதிவாணன். பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான், தலையை நிமிர்த்தாமல் கேசரியைச் சாப்பிட்டார். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. பேசிப் பேசி மயக்குகிற ஆண்பிள்ளையை நம்பக்கூடாது. சிந்து பிறந்ததிலிருந்து வாய் மூடாத பிள்ளை. இவளுக்கு இப்படி ஒரு ஆள்தான் பொருத்தம். சிந்து மட்டும் கடை வாசலில் நின்று போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் திரை தெரியவில்லை போலிருக்கிறது.

அரக்கு எடுத்தோம்.

ஜூலை 23, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொன்னேன். இன்றைய எபிசோடில் மதிவாணன் முதல் ஃபைலை நீட்டினார்.

ஜூலை 28, ஞாயிறு

திருச்சியிலிருந்து ரெஹானா கூப்பிட்டாள். எங்கள் பழைய தளம் மூடிப் பல வருஷமாயிற்று. அதிலிருந்த கதைகளையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருப்பவள் இவள்தான். வாட்ஸப்பில் 'யாமதி நண்பிகள்' குழுவை நடத்துகிறவளும் இவளே. நாங்கள் இரண்டே தடவைதான் நேரில் பார்த்திருக்கிறோம். ஆனாலும் என் கூடப்பிறந்தவளுக்குத் தெரியாத என் விஷயம் அவளுக்குத் தெரியும்.

மறு ஒளிபரப்பால் புதுசாகக் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் கதைகளைத் தேடி வருகிறார்களாம். பழைய கதைகளை ஒரு மின்புத்தகமாகப் போடலாம் என்கிறாள். முன்னால் ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பு: 'யாமதி ஏன் பிடிக்கிறது?' அதை நான் எழுத வேண்டுமாம்.

"நீங்கதான்க்கா எழுதணும். 'மதிவாணன் பக்கம்'னு நீங்க எழுதுன அத்தியாயத்துக்குத்தான் எல்லாரும் காத்துக் கிடப்போம். மத்தவங்கள்லாம் யாமினி என்ன நெனச்சான்னு எழுதுனோம். அந்தாளு என்ன நெனச்சாருன்னு உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தெரிஞ்சுச்சோ!"

"கற்பனைதான், வேறென்ன."

"பொய் சொல்லாதீங்கக்கா. பூவ பிரிட்ஜ் மேல வச்சிட்டுப் போவாரே, அதெல்லாம் கற்பனையில வருமா?"

கற்பனைதான். மதிவாணன் மல்லிகைப் பூவை வாங்கி வந்து, கையில் கொடுக்காமல், பிரிட்ஜ் மேலே வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கையில் கொடுத்தால் விரல் படும், விரல் பட்டால் மனசு வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று. அதற்கு நூற்றுக்கும் மேலே பின்னூட்டம் வந்தது. அதே மாதிரி சாம்பாரில் உப்புக் கூடிப்போனாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிற இடம். யாமினிக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் நின்றுவிட்டு, உள்ளே வந்ததும் 'ஃபேன் ஓடுதா?' என்று மட்டும் கேட்கிற இடம். எல்லாம் அந்த மேஜையில் உட்கார்ந்து தோன்றியது.

போனை வைத்தபோது என் வீட்டுக்காரர் குழாய்க் கடையிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் இவருக்கு மத்தியானம் வரை கடை உண்டு. பூப் பொட்டலத்தை பிரிட்ஜ் மேலே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். கறிக்குழம்பு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

ஜூலை 30, செவ்வாய்

கட்டுரை ஆரம்பித்தேன். 'சத்தமாகச் சொல்லப்படும் காதலைவிடச் சொல்லப்படாத காதல் உயர்ந்தது' என்று ஒரு வரி. படித்துப் பார்த்தால் நாள்காட்டியில் போடுகிற பொன்மொழி மாதிரி இருந்தது. அழித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, தயிர் என்று நாலு சாதம் கிண்டினேன். இவர் நாலிலும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். எது நன்றாக இருந்தது என்று அவருக்கும் மதுரை மீனாட்சிக்கும்தான் தெரியும். கடையில் மட்டும் இவர் வேறு மனிதர். ஒரு பிளம்பர் வந்து குழாய் கேட்டால் முக்கால் இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கச்சேரியே நடத்துவார். நானே கேட்டிருக்கிறேன். வீட்டு வாசற்படி ஏறியதும் கடையைச் சாத்துகிற மாதிரி வாயையும் சாத்திவிடுவார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

மத்தியானம் சிந்து என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

"ம்மா, எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்குமா."

"கல்யாணம்னா அப்படித்தான்டி இருக்கும்."

"அதில்ல. இதப் பாரு." போனை நீட்டினாள். அவளும் மாப்பிள்ளையும் அனுப்பிக்கொண்ட செய்திகள். இவள் பக்கம் ராமாயணம். அவர் பக்கம் 'ம்', 'சரி', ஒரு கட்டைவிரல். இவள் ஆபீஸில் ஆடிட்டரோடு சண்டை போட்டு அழுததைப் பக்கம் பக்கமாக அனுப்பியிருக்கிறாள். அதற்கும் கட்டைவிரல்.

எனக்கு ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. விளக்கிச் சொன்னேன். "இங்க பாரு, நீ பதினோரு மணிக்கு அனுப்பியிருக்க, அவரு உடனே பாத்திருக்காரு. பாத்துட்டு என்ன சொல்றதுன்னு தெரியாமத் தவிச்சிருக்காரு. ஆறுதல் சொன்னா நீ இன்னும் அழுவன்னு நெனச்சுத்தான் அதோட நிறுத்திக்கிட்டாரு. ஆம்பளைங்க சில பேருக்கு வார்த்தை வராதுடி. உள்ள எவ்வளவு இருக்கும் தெரியுமா?"

சிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் நீ சொல்றம்மா. அவரு சொல்லலையே" என்றாள்.

பிள்ளைக்கு அனுபவம் போதாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குழுவில் இடி விழுந்தது.

புதுசாகச் சேர்ந்த ஷெரின் என்ற பெண், கல்லூரியில் சினிமா படிக்கிறவள். அவளுக்குப் பாடம் எடுக்க வந்தவர் அந்தத் தொடரில் உதவி இயக்குநராக இருந்தாராம். இந்தக் குட்டி சும்மா இருக்கக்கூடாதா, கண்ணாடிக் காட்சியைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறது. அவர் சிரித்தாராம். பின் சீட்டில் உட்கார்ந்து படம் பிடித்த கேமராமேனின் மண்டை கண்ணாடியில் தெரிந்ததாம். "கண்ணாடிய மேல தூக்கிவிடுப்பா" என்று கேமராமேன் கத்தினாராம். நடிகர் தூக்கிவிட்டார். அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டார்களாம்.

சேலத்தில் ஒருத்தி அழுகிற முகமாகவே இருபது அனுப்பினாள். இன்னொருத்தி ஷெரினைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்றாள். ரெஹானா, 'கேமராமேன் மண்டைக்கு நன்றி சொல்லி ஒரு அத்தியாயம் எழுதலாம்' என்று சமாதானம் பண்ணினாள். எல்லோரும் தாழம்பூ என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள்.

ஒரு மண்டையை மறைக்கத் தூக்கிய கண்ணாடிக்குள் நாங்கள் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. கருகலைத்தான் பரிமாறினேன், வேண்டுமென்றே. இவர் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார்.

நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு ருசி தெரிகிறதா இல்லையா என்று முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை. பாத்திரம் நிறையக் கிடந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாப்பிள்ளை கோட்டுக்கு அளவு கொடுக்க மதுரைக்கு வந்தவர் அப்படியே வீட்டுக்கும் வந்தார். சிந்து பார்லருக்குப் போயிருந்தாள். இவர் கடையில். நானும் அவரும் மட்டும்.

உளுந்து வடை போட்டேன். சட்னி. எதிரில் உட்கார்ந்தேன். கட்டுரைக்காகவா, சிந்துவுக்காகவா, கருகின பீன்ஸுக்காகவா தெரியவில்லை, கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. சிந்து ரொம்பப் பேசுவா. நீங்க பதில் சொல்ல மாட்டேங்கிறீங்கன்னு அவளுக்கு ஒரு குறை. அவ அன்னைக்கு ஆபீஸ்ல சண்டை போட்டு அழுதேன்னு அனுப்பியிருந்தாள்ல..."

"ஆமாத்தை, பாத்தேன்."

"அதப் பாத்ததும் நீங்க என்ன நெனச்சீங்க?"

வடையை மென்றுகொண்டே யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். இந்த மாதிரி இடத்தில் நான் மூன்று பக்கம் எழுதுவேன்.

"ஒண்ணும் நெனைக்கலத்தை" என்றார்.

"ஒண்ணுமேவா?"

"இல்ல, நெறைய அனுப்பியிருந்தாங்க. முழுசாப் படிக்கல." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்க நல்ல பொண்ணுதான் அத்தை. வீட்ல பாத்தாங்க, நானும் சரின்னுட்டேன். பேசறதுக்கு என்ன இருக்கு? கல்யாணம் ஆனா எல்லாம் அதுபாட்டுக்கு ஓடிரும்" என்றார்.

சொல்வதில் வஞ்சகம் இல்லை. திமிரும் இல்லை. இன்னும் இரண்டு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். சட்னியை வழித்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு சோகம், ஒரு பயம், பழைய காயம் ஏதாவது ஒன்று இருக்கும் என்று நானும் வாசல்வரை தேடிக்கொண்டே போனேன். அவர் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

சிந்து வந்து, "என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டாள்.

"வடை நல்லாருக்குன்னாரு" என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வெள்ளிக்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. கல்லூரியில் மறுகூட்டல் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. தலைவலி.

அவர் கெட்டவரில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்படித்தான் கட்டிக்கொள்கிறார்கள். ஊர் உலகத்தில் எல்லாம் ஓடவில்லையா?

ஆகஸ்ட் 14, புதன்

சாயங்காலம் சிந்து அடுப்படிக்கு வந்து கதவை ஒட்டி நின்றாள். எப்போதும் உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வருகிறவள், இன்று வந்து நின்றுவிட்டுத்தான் பேசினாள்.

"ம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

திண்டுக்கல் சம்பந்தி முகம், மண்டபம், என் நாத்தனார் வாய், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. என்னென்னவோ பேசினேன். குடியா, சூதா, என்ன குறை என்று கேட்டேன். போகப் போகச் சரியாகிவிடும், உள்ளே இருக்கிற பாசம் ஒரு நாள் வெளியே வரும் என்றேன். அவர் என்னிடம் சொன்னதைத் தெரிந்துகொண்டே இதைச் சொன்னேன்.

"வருமாம்மா?" என்றாள் சிந்து. "அப்பாவுக்கு வந்துச்சா?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பாலை இறக்கிவிட்டுத் திரும்பினால் நடையில் இவர் நிற்கிறார். கடை ஐந்து மணிக்கே சாத்தியாகிவிட்டதோ என்னவோ. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. செருப்பைக் கழற்றினார், கை கால் கழுவினார், டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தார். டி.வி.யைப் போடவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லீவு நாள். காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் பேசுகிற சத்தம் கேட்டது. பிளம்பர்தான் என்று நினைத்தேன். பிறகுதான் 'சம்பந்தி' என்ற வார்த்தை காதில் விழுந்தது. கரண்டியோடு ஓடினேன்.

"...உங்க பையன் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. எங்க பிள்ளைக்கு மனசு ஒப்பல. பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னால சொல்றதுதான் மரியாதை. நான்தான் பொறுப்பு, என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்... இல்லைங்க. அவ சின்னப் பிள்ளை இல்ல, தெரிஞ்சுதான் சொல்றா... நேர்லயும் வந்து மன்னிப்புக் கேட்டுக்கிறேன்..."

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுதையும் கேட்டார். கடைசியில், "சரிங்க, வச்சிரட்டுமா?" என்று கேட்டு வைத்தார்.

நான் கொதித்துப்போனேன். "என்னங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்? அந்தப் பையன் பேசமாட்டான், அது ஒரு குறையா? நீங்க பேசுறீங்களா? நான் குடும்பம் நடத்தல?"

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் இவர் என்னை நேராகப் பார்ப்பதே அபூர்வம்.

"அதனாலதான் சொல்றேன்" என்றார். "நீ ஒரு கதைய எழுதிச் சமாளிச்சுட்ட, மங்கை. அவளுக்கு எழுத வராது."

இட்லிக் கொப்பரை தண்ணீர் வற்றி அடி காய்ந்த வாசனை வந்தது. இவரே போய் அடுப்பை அணைத்தார்.

நான் எழுதுவது இவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. எதை எழுதினேன் என்று தெரியுமா, படித்தாரா, எப்போது தெரிந்தது, எதையும் நான் கேட்கவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். அதை ஒளிக்க வேண்டியதில்லை, என் டைரிதானே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நாத்தனார் வந்து இரண்டு மணி நேரம் வைதுவிட்டுப் போனாள். மண்டபத்துக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திண்டுக்கல்லுக்கு இவர் தனியாகப் போய் வந்தார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை, சட்டை கசங்கியிருந்தது. சிந்து அழுதுகொண்டே நாலு தோசை சாப்பிட்டாள். அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டே ஆபீஸ் போகப்போகிறாளாம். போகட்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கட்டுரையை ரெஹானாவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம்தான் வந்தது.

கிருபாகர் பேசிக்கொண்டே இருந்தான், அதனால் அவனுக்குள்ளே நமக்கு இடம் இல்லாமல் போயிற்று என்று எழுதியிருக்கிறேன். மதிவாணன் பேசவில்லை. காலி வீடு மாதிரி இருந்தார். நாம் ஒவ்வொருத்தியும் நம் வீட்டில் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகளைக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தோம். கேமராமேன் மண்டையைப் பற்றி யாரும் வருத்தப்பட வேண்டாம், அந்தக் கண்ணாடியைத் திருப்பியவர்கள் நாம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் இந்தக் கதைகளை வைத்து மாப்பிள்ளை பார்க்கக்கூடாது, குறிப்பாக அவர்களுடைய அம்மாக்கள்.

ரெஹானா கூப்பிட்டாள். "எங்க வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருஷமாச்சுக்கா. அவரும் பேச மாட்டாரு. எனக்கு அவரு குரலே சரியா ஞாபகம் இல்ல. நான் எழுதுனதுதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.



ஆகஸ்ட் 25, ஞாயிறு

சிந்து சிநேகிதிகளோடு அழகர் கோயிலுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மங்கையாக இருந்தால் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு உள்ளே போய், அந்தப் பார்வைக்கு ஒரு அத்தியாயம் கட்டியிருப்பேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

எழுந்து போகவில்லை. அவருக்குப் பதிலாக எதையும் நினைத்துக்கொள்ளவும் இல்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். பாகற்காயை எடுத்துவந்து மடியில் வைத்து நறுக்க ஆரம்பித்தேன். பாதி நறுக்கியிருப்பேன்.

"சிந்து போயிட்டா இந்த வீட்ல யாரு பேசுவான்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு" என்றார் இவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "பாக்கு மாத்துன அன்னையிலருந்து. அதுக்காகத்தான் கல்யாணத்த நிறுத்திட்டேனோன்னு யோசிக்கிறேன். அவளுக்காகன்னு சொல்லிட்டு, எனக்காகப் பண்ணிட்டேனோன்னு."

எத்தனை அத்தியாயம் எழுதியிருக்கிறேன்! மதிவாணனுக்கு இப்படி ஒரு நினைப்பை நான் ஒரு நாளும் கொடுத்ததில்லை. அவர் எப்போதும் யாமினியைப் பற்றியேதான் நினைப்பார், நல்லவராகவே நினைப்பார். இப்படித் தன்னையே சந்தேகப்படுகிற ஒரு ஆள் இத்தனை வருஷமாக என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார்.

"அப்படியெல்லாம் இல்லங்க" என்றேன். பிறகு மனசு கேட்காமல், "ஏன், அவ போனா என்ன? பேச நான் இல்லையா?" என்றேன்.

இவர் திரும்பினார். கோபமாக இல்லை, குறையாகவும் இல்லை. கடையில் குழாய் அளவு சொல்கிற அதே குரல்.

"நீயும் எங்கிட்டப் பேசுனதில்லையே, மங்கை."

மறுத்துச் சொல்ல ஒரு நாளைத் தேடினேன். காய்கறி, மளிகை, சிந்துவின் ஃபீஸ், கரண்ட் பில் தவிர்த்து ஒரு பேச்சு. கிடைக்கவில்லை. என்னிடம் இருந்த அத்தனை பேச்சையும் நான் வேறொரு ஆளிடம் பேசி முடித்திருந்தேன்.

இவர் காத்துக்கொண்டிருந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்று சந்தையில் பாகற்காய்க்காரியோடு போட்ட சண்டையிலிருந்து ஆரம்பித்தேன். இவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்.